ஆங்கிலப் பாடம்: தொழிலாளி பிள்ளையின் கையில் நிற்பது என்ன?

(உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களும், மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் சொல்லித்தரும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தமிழே பயிற்சி மொழி, தமிழே ஆட்சி மொழி, தமிழே நீதிமன்ற மொழி என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் இன்று ஆங்கிலப் பாடத்தை எப்படித் திட்டமிடுவது என்று பேசக் கூடியிருக்கிறோம். இது என்ன முரண்பாடு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். முரண்பாடு எதுவுமில்லை. விஞ்ஞானத்தையும் கணக்கையும் சரித்திரத்தையும் தாய்மொழியில் கற்க வேண்டும் என்பது ஒரு விஷயம். ஆங்கிலத்தை ஒரு மொழியாக, ஒழுங்காக, எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டும் என்பது இன்னொரு விஷயம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல.

1835-ஆம் ஆண்டில் மெக்காலே தம் குறிப்பை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது என்ன? கோடானுகோடி மக்களுக்கும் வெள்ளை ஆட்சிக்கும் நடுவே நின்று தரகு பேசுவதற்கு ஒரு சிறு கூட்டம் வேண்டும் என்பதுதான். அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலம் ஏணியாயிற்று. மற்றவர்களுக்கு அதே ஆங்கிலம் முள்வேலியாயிற்று. வெள்ளைக்காரன் போனான், வேலி போகவில்லை. தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956-இல் வந்தது. இருமொழிக் கொள்கைத் தீர்மானம் 1968-இல் நிறைவேறியது. இவையெல்லாம் வந்த பிறகும், வேலைக்கான நேர்முகத் தேர்வில், பெரிய ஆஸ்பத்திரியில், ஹைகோர்ட்டில் தொழிலாளியின் பிள்ளை வாய் திறக்க அஞ்சி நிற்கிறான். வேலியைப் பிடுங்கும் வேலைக்கு இரண்டு கை வேண்டும். தமிழை எல்லாத் துறைகளிலும் அரியணை ஏற்றுவது ஒரு கை. ஆங்கிலத்தைச் சிலர் வீட்டுச் சொத்தாக விட்டுவைக்காமல் எல்லோருக்கும் பங்கிடுவது மற்றொரு கை.

இந்த இடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பெற்றோர்கள் ஆவலோடு சேர்த்தார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தம் பிள்ளை போகவேண்டும் என்று எந்தத் தாய்தான் விரும்பமாட்டாள்! ஆனால் ஆங்கில வழியில் படிப்பதும் ஆங்கிலம் படிப்பதும் ஒன்றல்ல. புரியாத மொழியில் ஒளிச்சேர்க்கையை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கையும் வருவதில்லை, ஆங்கிலமும் வருவதில்லை. ஆங்கிலம் வரவேண்டிய இடம் ஆங்கில வகுப்பு. அந்த நாற்பது நிமிஷத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது பேர் உள்ள வகுப்பு. பீரியட் நாற்பது நிமிஷம். வருகைப் பதிவுக்கும் கரும்பலகை துடைப்பதற்கும் ஐந்து நிமிஷம். ஆசிரியர் வாசித்து விளக்குவது முப்பது நிமிஷம். எஞ்சியது ஐந்து நிமிஷம், அதாவது 300 விநாடி. ஐம்பது பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு ஆறு விநாடி. சமமாகவா பங்கிடுகிறோம்? முன்வரிசையில் கை தூக்குகிற நாலு பேருக்கு முழுவதும் போய்விடுகிறது. கடைசி பெஞ்சுக்குப் பூஜ்யம். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதனால் நஷ்டமில்லை. அவனுக்கு வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை இருக்கிறது, அக்கா இருக்கிறாள், டியூஷன் இருக்கிறது. செங்கல் சூளையிலிருந்து வருகிற பிள்ளைக்கு உலகத்தில் ஆங்கிலம் கிடைக்கும் இடம் அந்த நாற்பது நிமிஷம் ஒன்றுதான். அதிலும் அவனுக்குப் பட்டை நாமம்!

மீதி இடத்தை 'நோட்ஸ்' நிரப்புகிறது. கேள்விக்குப் பதில் கரும்பலகையில். கட்டுரை கோனார் வகைக் கையேட்டில். மனப்பாடப் பாட்டு பத்துத் தடவை எழுதிவரும் தண்டனையில். ஐம்பது நோட்டிலும் ஒரே கட்டுரை, ஒரே பிழைகளோடு. இப்படிப் படித்த பிள்ளை முப்பத்தைந்து மார்க் வாங்கித் தேறிவிடுகிறான். ஆனால் மருந்துக் கடையில் வாங்கிய அட்டையில் காலாவதித் தேதி எது என்று அவனுக்குத் தெரியாது. தையல் கம்பெனியில் வேலைக்குச் சேரும் அவன் அக்காள் கையெழுத்திடுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பத்து வருஷம் ஆங்கிலம் படித்த வீடு அது!

இந்த விஷயத்தில் நமக்குப் பயன்படக்கூடிய கருத்து ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருக்கிறார். மைக்கேல் வெஸ்ட் என்பவர் பிரிட்டிஷ் ஆட்சியின் கல்வி அதிகாரியாக வங்காளத்தில், டாக்காவில் வேலை பார்த்தவர். ஏகாதிபத்தியத்தின் உத்தியோகஸ்தர்தான். ஆயினும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் வங்காளப் பிள்ளைகளில் பெரும்பகுதி நடுவழியில் நின்றுவிடுவதையும், நின்றவர்கள் கையில் எதுவும் மிஞ்சாததையும் அவர் பார்த்தார். 1926-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு இன்ஷூரன்ஸ் பாஷையில் ஒரு பெயர் வைத்தார்: 'சரண்டர் வேல்யூ'. பாலிசியை முதிர்வுக்கு முன்பே நிறுத்தினால் கையில் கிடைக்கும் தொகை என்ன என்று நாம் கேட்பதில்லையா? அதே கேள்விதான். பத்து வருஷம் கட்டினால்தான் பணம், ஒன்பதாம் வருஷம் நின்றால் பூஜ்யம் என்று ஒரு பாலிசி இருந்தால் ஏழை அதில் சேருவானா? நம்முடைய ஆங்கிலப் பாடத்திட்டம் அப்படிப்பட்ட பாலிசியாகத்தான் நடந்து வந்திருக்கிறது.

ஆகவே, பாடத்தைத் திட்டமிட உட்காரும்போது முதலில் எழுத வேண்டிய வரி இதுதான்: இந்த வாரத்தோடு ஒரு பிள்ளை பஞ்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டால், இந்த வாரப் பாடத்திலிருந்து அவன் கையில் நிற்பது என்ன? இதற்குப் பதில் எழுத முடியாத பாடக்குறிப்பு எத்தனை பக்கம் இருந்தாலும் இன்ஸ்பெக்ஷனுக்குத்தான் உதவும்.

வெறும் தத்துவம் வேண்டாம். ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் உரைநடைப் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. பறக்க அஞ்சும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. அண்ணன் தம்பிகளும் தங்கையும் பறந்துவிட்டார்கள். இது மட்டும் பாறை விளிம்பில் தனியே நிற்கிறது. தாயும் தந்தையும் கூப்பிடுகிறார்கள், திட்டுகிறார்கள், பட்டினி போடுவேன் என்கிறார்கள். கடைசியில் தாய் ஒரு மீன் துண்டை அலகில் கவ்விக்கொண்டு அருகே வந்து எட்டாமல் நிற்கிறது. பசி பொறுக்காத குஞ்சு மீன்மேல் பாய்கிறது, விழுகிறது, சிறகு விரிகிறது, பறக்கிறது.

இதை எழுதியவர் லியம் ஓஃப்ளாஹர்ட்டி. கையேடுகள் இவரை ஐரிஷ் எழுத்தாளர் என்று ஒரு வரியில் முடித்துவிடும். தோழர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1896-இல் அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஆரன் தீவுகளில் பிறந்தவர். ஐரிஷ் மொழி பேசும் தீவு அது. அவருக்கும் ஆங்கிலம் ஆள வந்தவன் மொழிதான். அயர்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியை 1921-இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1922 ஜனவரியில் வேலையில்லாத் தொழிலாளர்களோடு டப்ளின் நகரத்து ரோட்டண்டா மண்டபத்தைக் கைப்பற்றிச் செங்கொடி ஏற்றியவர். ஆங்கிலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும் தம் தாய்மொழியை விடவில்லை. 1953-இல் ஐரிஷ் மொழியிலேயே சிறுகதைத் தொகுதி வெளியிட்டார். பரீட்சையில் இது கேட்கப்படாது. ஆனால் இரு மொழியையும் ஒருவன் எப்படிக் கையாளலாம் என்பதற்கு நம் பாடநூலிலேயே ஆள் இருக்கிறார் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் வகுப்பில் அவர் குரலே வேறாக இருக்கும்.

சரி, வாரத்துக்கு ஆறு பீரியட் என்று வைத்துக்கொள்வோம். முதல் பீரியடில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். கதையைத் தமிழில் சொல்லுங்கள். ஆம், தமிழில்தான். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் உண்டு. அது கல்வியல்ல, அடிமைப் புத்தி. கதை நன்றாகப் புரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கில வரி வரும்போது பிடிமானம் இருக்கும். நீச்சல் தெரியாமல் கிணற்று மேட்டில் நின்று நடுங்கியது யார், சைக்கிள் பழகும்போது விழுந்தது யார் என்று கேளுங்கள். வகுப்பு தானே பேசும். பிறகு கரும்பலகையில் எட்டே எட்டு ஆங்கிலச் சொற்கள்: குஞ்சு நிற்கும் பாறை விளிம்பு, சிறகு, பசி, பயம், மீன், பாய்தல், பறத்தல், கூப்பிடுதல். பாடத்தில் கடினச் சொல் இன்னும் முப்பது இருக்கலாம். அவற்றுக்குப் போகிறபோக்கில் அர்த்தம் சொல்லிவிட்டு நகருங்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போகிறவன் எதையும் பிடிப்பதில்லை.

இரண்டாம் பீரியடில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடரட்டும். மூன்றே கேள்வி. பதில் இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிட்டால் போதும், எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் பீரியட்தான் உயிர்நாடி. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரும் ஒரு ஜோடி. ஒருவர் தாய், ஒருவர் குஞ்சு. 'கம், ஃப்ளை' என்கிறது தாய். 'நோ, ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்கிறது குஞ்சு. 'ஆர் யூ ஹங்க்ரி?' 'யெஸ், ஐ ஆம் வெரி ஹங்க்ரி.' இவ்வளவுதான் வசனம். பிறகு வேஷம் மாற்றிக்கொள்வது. பத்து நிமிஷம் இப்படிப் பேசினால் ஆளுக்கு ஐந்து நிமிஷம், 300 விநாடி. முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஆறு விநாடி எங்கே, முந்நூறு விநாடி எங்கே! இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. சத்தம் மட்டும் வரும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். அமைதியான மொழி வகுப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று பணிவோடு சொல்லுங்கள்.

நான்காம் பீரியட் இலக்கணம். இந்த நான்கு வசனத்திலேயே வேண்டிய இலக்கணம் அடங்கியிருக்கிறது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குப் பயமாக இருக்கிறது.' பசியும் பயமும் வெளியிலிருந்து நம்மிடம் வருகின்றன, ஆகவே 'எனக்கு'. ஆங்கிலத்தில் பசிக்கிறவனே எழுவாய். 'ஐ' என்று தொடங்கியாக வேண்டும். தமிழ்ப் பிள்ளை 'டு மீ' என்று தடுமாறினால் அது மந்தபுத்தியல்ல. தன் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறான் என்பதே பொருள். அதேபோல், 'அவர் ஆசிரியர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' வேண்டும். நம் பிள்ளைகள் 'இஸ்' ஸை விழுங்கிவிடுவது இதனால்தான். கேள்விக்குத் தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும்: பசிக்கிறது, பசிக்கிறதா? ஆங்கிலத்திலோ 'யூ ஆர்' என்பது 'ஆர் யூ' என்று புரள வேண்டும். இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தன் மொழிக்கும் இலக்கணம் உண்டு, அது வேறுவிதமாக நடக்கிறது என்று தெரியும்போது பிள்ளையின் தாழ்வு மனப்பான்மை பாதி கரைந்துவிடும். உச்சரிப்பும் அப்படியே. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரியும். ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளை ஒப்பேற்றுகிறார்கள். குழப்பம் அந்த மொழியின் எழுத்தில் இருக்கிறது, பிள்ளையின் மூளையில் இல்லை.

ஐந்தாம் பீரியடில் எழுத்து வேலை. 'நான் பயந்த ஒரு நாள்' பற்றி ஐந்து ஆங்கில வாக்கியம், சொந்தமாக. நோட்ஸ் கிடையாது. ஐம்பது நோட்டிலும் ஐம்பது விதமான பயம் இருக்கும். ஒருவன் நாயைப் பற்றி எழுதுவான். ஒருத்தி அப்பா குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றி எழுதுவாள். திருத்தும்போது அந்த வாரம் கற்றுத்தந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். சிவப்பு மையால் நோட்டை ரத்தக்களறி ஆக்கினால் அடுத்த வாரம் அவள் எழுதமாட்டாள். ஆறாம் பீரியடில் வாசிப்பு. கடைசி பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். பாடத்தின் கடைசியிலுள்ள கேள்வி பதில்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதியவனுக்கு அது பெரிய மலையல்ல.

பாடநூலுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள பள்ளிகளில் என்.எஸ்.பிரபு என்ற கல்வியாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து கணக்கும் யோசனையும் செய்யச் சொன்னார்கள். முதலில் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்மொழியாக ஒன்றைச் செய்வார்கள். பிறகு அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்வான். உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் பேசிய பரிசோதனை அது. ஜோடியாகப் பேச விடுவதில் மட்டும் அவருக்கு விருப்பமில்லை. ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் அபிப்பிராயம். அதில் நாம் அவரோடு உடன்படவில்லை. பிழையோடு பேசுகிற பிள்ளையைத் திருத்த முடியும். பேசாத பிள்ளையை என்ன செய்வது? ஆனால் அவருடைய இரண்டு படி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரயில் அட்டவணையோடு நிற்க வேண்டாம். மாத்திரை அட்டை, ரிசர்வேஷன் படிவம், வங்கிச் சீட்டு, வேலை நியமனத் தாள் இவையெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடமாகலாம். நியமனத் தாளில் எட்டு மணி நேரம் என்ற சொல் எங்கே இருக்கிறது, ஓவர்டைம் பற்றி என்ன இருக்கிறது, வேலையை விட்டு நிறுத்த எத்தனை நாள் நோட்டீஸ் என்று தேடிக் கண்டுபிடிப்பதைவிட உயர்ந்த வாசிப்புப் பயிற்சி எது?

இவ்வளவும் ஆசிரியர் தலையிலேயே கட்டப்படுகிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. 1959-இல் சென்னை ராஜ்யத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய மறுபயிற்சி இயக்கம் தொடங்கியது. 27,000 ஆசிரியர்கள் என்பது இலக்கு. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மேலும் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்ற ஏற்பாடு. உருண்டு பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். பனியே பார்க்காத நாட்டில் வைத்த பெயரைப் பாருங்கள்! மேலிருந்து கீழே உருளும் பயிற்சி, பனிப்பந்து போலப் பெருப்பதில்லை. கடைமடைக்குப் போகும் தண்ணீர் போல மெலிந்துதான் போகிறது. கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு சான்றிதழும் மத்தியானச் சாப்பாடும். பயிற்சி பக்கவாட்டில் நடக்க வேண்டும். ஒரு வட்டாரத்து ஆசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார வேண்டும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டே தீருவோம். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்கெல்லாம் அது மீறப்படுகிறதோ அங்கெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. காலி இடங்களை நிரப்பு, பதிவேடு எழுதும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்கு, மனப்பாடத்துக்குப் போடும் மார்க்கைப் பேச்சுக்குப் போடு என்பவை நம் கோரிக்கைகள். கோரிக்கை நிறைவேறும்வரை வகுப்பை நிறுத்தி வைக்க முடியாது. அந்தப் பிள்ளை இந்த ஜூன் மாதமே பத்தாம் வகுப்பில் உட்காருகிறான்.

இனி வேலைப் பங்கீடு. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாரத்துக்கான பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எட்டுச் சொல், நான்கு வசனம், ஓர் இலக்கண விஷயம், ஐந்து வாக்கிய எழுத்து, அடியில் நிற்பது என்ன என்ற அந்த வரி. ஆறு, ஏழு வகுப்புகளைப் பெண் ஆசிரியத் தோழர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. படிப்பகத் தோழர்கள் பேட்டையிலுள்ள வீடுகளில் கிடைக்கும் ஆங்கிலத் தாள்களை, பெயரும் கணக்கு எண்ணும் மறைத்து, நகல் எடுத்துக்கொண்டு வரட்டும். அவற்றை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கான பாடங்களை அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.